குகையின் முதல் பள்ளம்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் குகை வெட்டுகிறேன் என்பேன். கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். திரையில் ஒரு ஆள் ஓடித் தாவி ஏறிப் போகும் வீடியோ கேம் இருக்கிறதே, அதில் அந்த ஆள் ஓடுவதற்குத் தரையும், தாவுவதற்குப் பள்ளமும், ஏறுவதற்குப் பாறையும் யாராவது வைத்தாக வேண்டும். எங்கள் சின்ன கம்பெனியில் அந்த யாராவது நான்தான். எங்கள் கேமில் லாந்தர் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி மலைக்குள் போகிறாள். அவள் நுழையும் முதல் குகை முழுக்க முழுக்க என் கைவேலை.

முதல் குகை லேசுப்பட்ட சமாசாரம் இல்லை. எப்படி நடப்பது, எப்படித் தாவுவது என்று அங்கே ஒரு வரிகூட எழுதி வைக்க மாட்டோம். குகையே சொல்லிக்கொடுக்க வேண்டும். கொஞ்சம் நடந்தால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் வழியை மறிக்கும். எதையாவது அழுத்திப் பார்ப்பார்கள், சிறுமி தாவுவாள். அடுத்து இன்னும் சற்று உயரமாக ஒன்று. அதற்குப் பிறகு முதல் பள்ளம். அதில் விழுந்தாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது. சிறுமி மறுபடியும் பள்ளத்துக்கு முன்னால் வந்து நிற்பாள், பாவாடையைத் தட்டிவிட்டுக்கொள்வாள், மறுபடி ஓடலாம்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. ஓடி வருகிற யாரும் சரியாக விளிம்பில் பட்டனை அழுத்துவதில்லை. மனிதக் கை கொஞ்சம் பிந்தும். அதனால் கால் பாறையைத் தாண்டிய பிறகும் ஒரு துளி நேரம், கண் மூடித் திறப்பதைவிடக் குறைவான நேரம், சிறுமி இன்னும் பாறை மேலேயே நிற்பதாக கேம் கணக்கு வைத்துக்கொள்ளும். அதற்குள் அழுத்திவிட்டால் தாவிவிடுவாள். ஆடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. 'அடேயப்பா, என்னமாய்த் தாவினேன்!' என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வார். எங்கள் ஆபீஸில் இதற்குச் சலுகை என்று பெயர். எவ்வளவு சலுகை கொடுப்பது என்பதுதான் எனக்கும் எங்கள் புரோகிராமருக்கும் ஓயாத சண்டை. எதற்கெடுத்தாலும் வகுப்பெடுப்பதால் அவரை நாங்கள் வாத்தி என்று கூப்பிடுவோம்.

சண்டையைத் தீர்க்க ஒரே வழி, கேமையே தொட்டிராத ஆட்களைக் கூட்டி வந்து ஆடவிட்டுப் பார்ப்பது. ஒருமுறை ஆடிவிட்டால் அந்தக் கை பழகிவிடும், அப்புறம் உதவாது. இப்படியே கட்டடத்து வாட்ச்மேன், தண்ணீர் கேன் போடுகிறவர், வாத்தியின் மைத்துனர், எதிரே இருக்கும் பல் டாக்டர் என்று எல்லோரையும் தீர்த்துவிட்டோம். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் "நீங்க இதுவரைக்கும் கேம் எதுவும் ஆடினதில்லையே?" என்று கல்யாணத் தரகர் மாதிரி விசாரிக்கும் நிலைமை வந்துவிட்டது.

ஆடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், ஆனால் மூச்சு விடக்கூடாது என்பது வாத்தியின் சட்டம். நியாயம்தான். கடையில் கேம் வாங்கிப் போகிறவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஆனால் எனக்கு மூக்கின் மேல் கோபம், வாயோ அதற்கும் மேலே. பல் டாக்டர் சுவரில் முட்டிக்கொண்டே நின்றபோது, "அங்க என்ன சார் வச்சிருக்கு? இந்தப் பக்கம் வாங்க!" என்று கத்திவிட்டேன். அவர் ஆடிய ஆட்டம் வீணாகிப் போனது. அன்றிலிருந்து யார் ஆட வந்தாலும் வாத்தி முதலில் என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுவார்.

"ஒரு வாய் எடுத்து அப்படியே வச்சுக்கோங்க மேடம். முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது."

இப்படிப் புதுக் கை தேடி அலைந்துகொண்டிருந்தபோதுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. செல்போனில் பாட்டு கேட்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவர்.

அப்பா வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்தவர். காரின் பின்சீட்டில் கேஸ் சிலிண்டரும் செம்புக் குழாயுமாக ஊர் முழுக்கச் சுற்றியவர். வேலையை விட்ட பிறகு அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்தால் பயமாக இருக்கும் அவளுக்கு. மார்க்கெட், சித்தி வீடு, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் கார்தான். ஆனால் கொஞ்ச காலமாக அவர் ஓட்டுவது சரியில்லை. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எதிர்வீட்டு கேட்டை இடித்தார். அதையாவது விடலாம். ஒரு தெருமுனையில் சைக்கிளில் வந்த பெண்ணை அவர் கவனிக்கவே இல்லை. அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு எகிறிக் குதித்ததால் பிழைத்தாள். கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். கண்ணில் கோளாறு இல்லை, கண் பார்த்ததைக் கை செய்வதற்குள் நேரமாகிறது, வயசானால் அப்படித்தான் என்றார் அவர். அன்றைக்கே நானும் அம்மாவும் சேர்ந்து கார் சாவியை வாங்கிக்கொண்டோம். சாவி அம்மாவின் கைப்பைக்குள் போனது.

அன்று முதல் அப்பா ஜன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கும் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சரியான பேச்சில்லை. நக்கலும் நையாண்டியுமாக வீட்டையே கலகலப்பாக வைத்திருந்த மனுஷன். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. கேம் ஆடினாலாவது கொஞ்சம் சிரிப்பார் என்றும் ஒரு நப்பாசை.

"எங்க கேமை ஆடிப் பாக்க ஆள் வேணும்பா. வாங்களேன்" என்றேன்.

"எல்லாப் பயலும் ஓடிப்போயிட்டானா? சரி, கிழவன்தான் மிச்சம்னா வரேன்" என்றார். ஆனால் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் மாட்டிக்கொண்டு வந்தார்.

ஆபீஸில் அவரைப் பெரிய திரைக்கு முன்னால் உட்காரவைத்து கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல எங்கடா ஸ்க்ரூ இருக்கு?" என்று வாத்தியைக் கேட்டார். வாத்தி சிரித்துக்கொண்டே என்னிடம் டம்ளரை நீட்டிவிட்டு, போன் வந்ததென்று வெளியே போனார். நான் ஒரு வாய் தண்ணீரை அடக்கிக்கொண்டு என் மேஜையில் உட்கார்ந்தேன். கேமின் எல்லா அளவுகளும் என் திரையில் இருக்கும். சலுகைக்கும் ஒரு கோடு உண்டு. மவுஸால் வலப்பக்கம் இழுத்தால் கூடும், இடப்பக்கம் தள்ளினால் குறையும்.

முதல் கல்லை அப்பா தாவிவிட்டார். இரண்டாவதையும் தாண்டினார். "பரவாயில்லையே, பொண்ணு சொன்ன பேச்சு கேக்குது. நம்ம வீட்டுது மாதிரி இல்ல" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. கன்னத்தை உப்பிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அடுத்து பள்ளம். ஓடினார், விழுந்தார். சிரித்தார். மறுபடி விழுந்தார். "ஓ, இப்படியா சங்கதி" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி, மறுபடி. சிறுமி விளிம்பைத் தாண்டி உள்ளே சரியும்போதுதான் அவர் கட்டைவிரல் பட்டனைத் தொட்டது. ஒவ்வொரு தடவையும் அப்படியே. சாதாரணமாகக் கொடுக்கும் சலுகை அவருக்குப் போதவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜோக்கெல்லாம் நின்றுபோனது. கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது அவருக்கு விளையாட்டே இல்லை. தன் கையைத் தானே பரீட்சை செய்துகொண்டிருக்கிறார்.

"ச்சே" என்றார் அப்பா. அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதே கிடையாது.

வாயைத் திறந்து, விடுங்கப்பா, இதெல்லாம் சின்னப் பசங்களுக்கே வராது என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலை. வாயில்தான் தண்ணீர் இருந்ததே. கை சும்மா இருந்தது. அந்தக் கை மவுஸைப் பிடித்துக் கோட்டை வலப்பக்கம் இழுத்தது. கொஞ்சமாக இல்லை, தாராளமாக. அடுத்த ஓட்டத்தில் சிறுமி பாறையைத் தாண்டி, அந்தரத்தில் ஓரடி நடந்து, அதற்கப்புறம் தாவி, அக்கரையில் போய் நின்றாள்.

"பாத்தியாடி!" அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தியா! புடிச்சிட்டேன்!"

அந்தரத்தில் நடந்த ஓரடியை அவர் பார்க்கவில்லை. அவர் கண் அக்கரையில் இருந்தது. அதன் பிறகு வந்த பள்ளங்கள் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. குகையை முடித்துவிட்டுத் தலை கால் புரியாத சந்தோஷத்தில் எல்லோரோடும் கைகுலுக்கினார், உள்ளே வந்த வாத்தியைக் கட்டிப்பிடித்தார். வாசலில் வாட்ச்மேனிடம், "நீங்க எங்க விழுந்தீங்க?" என்று விசாரித்துக்கொண்டு போனார். நான் தண்ணீரைத் துப்பிவிட்டு வந்து, முகம் முழுக்கச் சிரித்தேன். என் அப்பா திரும்பக் கிடைத்துவிட்டார் என்று மனசு நிறைந்து கிடந்தது.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"உங்கப்பாவுக்குக் கால் தரையில படலடி. சின்னப் பசங்களே விழற எடத்துல ஒரே தாவா தாவிட்டேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வராரு. நெஜமாவே நல்லா ஆடினாரா?"

"ஆமாம்மா. பிரமாதமா ஆடினார்."

"கையெல்லாம் தடுமாறலையே?"

"இல்லம்மா. நல்லாத்தான் ஆடினார். மீட்டிங் இருக்கு, வைக்கட்டுமா?"

அம்மா ஏன் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். எனக்கு எங்கே அதற்கெல்லாம் நேரம்? அங்கே வாத்தி அப்பா ஆடியதன் பதிவைப் போட்டுப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மேடம், உங்கப்பா காத்துல நடக்கிறார்! என்ன பண்ணி வச்சீங்க?" என்றார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு, கோட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, அப்பாவின் ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் அழித்துவிட்டார். எங்கள் ஆபீஸைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. அப்பா வீட்டுக்குப் போய் அதை எந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்பது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

சனிக்கிழமை காலையில் அவர்களைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கார் நிற்கும் இடம் காலி.

கீழ்வீட்டில் இருக்கும் டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் உங்க சித்தி வீட்டுக்குப் போயிருக்காங்க. சார்தான் ஓட்டிட்டுப் போனார். நீங்களே ஆபீஸ்ல டெஸ்ட் வச்சு, கையெல்லாம் பக்காவா இருக்குன்னு சொல்லிட்டீங்களாமே? அம்மா சொன்னாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன் அடித்தேன். அப்பா ஓட்டும்போது எடுக்க மாட்டார். அம்மாவின் போன் வீட்டுக்குள்ளேயே மணியடித்தது, வாசலில் கேட்டது. சித்தி வீடு ஆறு வழிகள் சேரும் பெரிய ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருமுனை வரை போவேன், திரும்பி வருவேன். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் மறுபடி தெருமுனைக்கு ஓடுவேன். அடிப் பாவி, அடிப் பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கேட்டுக்கொண்டிருந்த டெய்லர் யாரைத் திட்டுகிறேன் என்று தெரியாமல் மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

மதியத்துக்கு முன்னால் கார் வந்தது. அப்பா ஜம்மென்று இறங்கினார். இடது பக்கக் கண்ணாடி உடைந்து ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க சித்தி வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்தேன். எவனோ தட்டிட்டுப் போயிருக்கான். ஓட்டத் தெரியாதவன் எல்லாம் ரோட்டுக்கு வந்துடறான்" என்று சொல்லிக்கொண்டே மாடி ஏறினார். பின்சீட்டிலிருந்து அம்மா மெதுவாக இறங்கினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சமையலறையில் அவளை மடக்கினேன். அவள் குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்துக்குள் பேசினாள்.

"ரவுண்டானாவுல பஸ்ஸு பக்கத்துல வந்துச்சுடி. இவர் பாக்கவே இல்ல. கண்ணாடி தட்டி உடைஞ்சுது. நான் உக்காந்திருந்த கதவு மேல அப்படியே உரசிக்கிட்டே போச்சு. அவருக்கு அதுகூடத் தெரியல. பாட்டுப் பாடிட்டே ஓட்டறார்."

"நீ ஏம்மா சொல்லல? கத்த வேண்டியதுதானே?"

"நீதானே நல்லா இருக்காருன்னு சொன்ன? நான்தான் பயந்து சாகறேன்னு நெனச்சேன்." டம்ளரைக் கழுவப் போனவள் கழுவாமலே கீழே வைத்தாள்.

எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அப்பா கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குகையைத் திறந்து, கன்ட்ரோலரைச் செருகி அவர் மடியில் வைத்தேன்.

"திரும்பவுமா? வாட்ச்மேன் மாமா சவால் விட்டாரா?" என்றார்.

"அப்பா, அன்னைக்கு நீங்க தாவல. நான்தான் தாவ வச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. சலுகை என்றால் என்ன என்பதிலிருந்து சொன்னேன். எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு, உங்களுக்குப் பல மடங்கு வைத்தேன், நீங்கள் விழுவதைப் பார்க்க முடியவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆடினார். சிறுமி விழுந்தாள். சாவியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து ஆடினார். அப்போதும் விழுந்தாள்.

"என்னைப் பச்சக் குழந்தைன்னு நெனச்சியா?" கன்ட்ரோலரைச் சோபாவில் வீசினார். "பெத்த அப்பனை ஏமாத்தி வேடிக்கை பாத்திருக்க! உன் பொம்மை விழுந்தா எனக்கென்ன? இன்னைக்கு ஓட்டிட்டுப் போனேனே, அவ்வளவு பெரிய ரவுண்டானா, ஒரு கீறல் உண்டா? உங்கம்மாவையே கேளு!"

"பஸ்ஸு உரசிச்சுங்க."

அம்மா சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எந்த பஸ்ஸு?"

"ரவுண்டானாவுல. கண்ணாடி அப்பத்தான் உடைஞ்சுது. என் கதவு மேலயும் உரசிச்சு. இன்னும் ஒரு சாண் உள்ள வந்திருந்தா..."

அப்பா எழுந்து ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் காரின் பின்கதவு தெரியும். கைப்பிடியிலிருந்து கடைசி வரைக்கும் சாம்பல் நிறத்தில் நீளமாகக் கோடு விழுந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். லேப்டாப்பில் சிறுமி பள்ளத்துக்கு முன்னால் நின்று பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளை விரலால் காட்டினார்.

"இது விழுந்தா திரும்பக் கொண்டுவந்து நிறுத்தற. உங்கம்மாவ யாருடி கொண்டுவந்து நிறுத்துவா?"

நான் அழுதுவிட்டேன். "உங்க மூஞ்சியப் பாக்க முடியலப்பா. அதான் அப்படி..."

"ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருந்திருப்பேன்" என்றார். "அவ்வளவுதானே?"

அவர் குனிந்து சாவியை எடுத்தார். என்னிடம் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. நேரே அம்மாவிடம் போய், அவள் கையைப் பிடித்துச் சாவியை உள்ளே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"இனிமே இவ சொன்னாகூட என்கிட்ட குடுக்காத" என்றார்.